பன்னிரண்டு போலீஸ், ஒரு பருந்து

"உங்க அடையாள அட்டையைக் கொஞ்சம் காட்டுங்க சார்."

கேட்ட பிறகுதான் ஸ்டுடியோவின் அந்தத் தையல் அறை எவ்வளவு சின்னது என்று அவளுக்கு உறைத்தது. இரண்டு மெஷின், ஓர் இஸ்திரி மேஜை, சுவர் நெடுகக் கம்பியில் தொங்கும் உடைகள். நடுவில் கறுப்புக் கண்ணாடி போட்ட இன்ஸ்பெக்டர். அவருக்குப் பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள். மூலையில், கையில் ஊசியோடு அம்மா. அம்மாவின் பார்வை அவர்களுடைய பூட்ஸுக்கு மேலே ஏறவே இல்லை.

போலீஸ்காரரிடம் எதையும் கேட்கக் கூடாது என்பது அவள் நடை பழகும்போதே படித்த பாடம். அடுப்பைத் தொடாதே, மாடிச் சுவரில் சாயாதே, போலீஸ்காரரிடம் கேள்வி கேட்காதே. அப்பா ஒரே ஒரு தடவை கேட்டார். "ஐயா யாருன்னு தெரிஞ்சுக்கலாமா?" என்று, மரியாதையாகத்தான். மூன்று நாள் கழித்துத்தான் வீடு திரும்பினார். அதற்குப் பிறகு குழம்பில் உப்பில்லை என்றுகூட அவர் யாரையும் கேட்டதில்லை.

வாய்களைத் தைத்து மூடுவதே அம்மாவின் பிழைப்பு. இங்கே துணை நடிகர்களின் சட்டைப் பைகள், வீட்டில் மகள். பை வாய் மூடிக்கொண்டது. மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் என்பதால் தெருவுக்கே அவள் 'பட்டதாரி'. கூப்பிடுகிறவர்கள் குரலில் பாராட்டு கால், நக்கல் முக்கால். படித்த படிப்புக்குக் கிடைத்த வேலை, காணாமல் போன நாய்களையும் கல்யாணத்துக்கு நிற்கும் மாப்பிள்ளைகளையும் விசாரிக்கும் ஒரு துப்பறியும் அலுவலகத்தில். நாய்களே பரவாயில்லை என்பது அவளுடைய இதுநாள் வரைக்குமான அனுபவம்.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். மார்புப் பையை இரண்டு விரலால் தட்டினார்.

"அட்டை இதுக்குள்ளதான் இருக்கு. அதை உனக்கெல்லாம் எடுத்து வேற காட்டணுமா?"

"மன்னிச்சிடுங்க சார்," என்று குறுக்கே பாய்ந்தாள் அம்மா. "நாலு எழுத்துப் படிச்ச திமிரு. நான் கண்டிச்சு வெக்கறேன்."

இன்ஸ்பெக்டர் மேல் வந்த கோபத்தைவிட அந்த மன்னிப்பின் மேல் அவளுக்கு வந்த கோபம் பெரிது. ஏதோ ஒன்று உள்ளே அந்த நொடியில் நறுக்கென்று அறுந்தது. அது என்னவென்று பார்க்க அப்போது நேரமில்லை.

இன்ஸ்பெக்டர் ஒரு கான்ஸ்டபிளின் காதிலிருந்து பேனாவை உருவி அம்மாவின் பெயரை எழுதிக்கொண்டார். பேனா திரும்பவும் காதுக்கே போனது. படப்பிடிப்பு முடிகிற நாலு மணிக்கு மறுபடி வருவாராம். அம்மாவும் தயாராக இருக்க வேண்டுமாம், 'செம்பருந்து' போட்டுக்கொள்ளும், ஸ்பாஞ்சு வைத்துப் புடைத்த மசில் சட்டையும் தயாராக இருக்க வேண்டுமாம். இரண்டுமே ஆதாரமாம். பூட்ஸ் ஓசை வராந்தாவில் தேய்ந்து மறைந்தது.

செம்பருந்து என்பவன் அந்த ஸ்டுடியோவில் படமாகிக்கொண்டிருந்த தொடரின் நாயகன். பறப்பான், கெட்டவர்களைத் தூக்கி எறிவான், அவர்களிடம் சம்பளம் வாங்கும் போலீஸ்காரர்களையும் எறிவான். எறிவதற்கென்றே பன்னிரண்டு போலீஸ் உடுப்புகளை அம்மா தைத்திருந்தாள். அதில் மூன்றைப் போட்டுக்கொண்டு நேற்றுப் பகல் யாரோ எதிர்த்தெரு நகைக்கடைக்குள் நுழைந்து, திருட்டு நகை விசாரணை என்று சொல்லி, ஒரு தட்டு நிறைய வைர நகைகளை 'ஆதாரமாக' எடுத்துப் போய்விட்டார்கள். முதலாளி கைகூப்பி வழியனுப்பியிருக்கிறார். கடைத் தரையில் கிடைத்தது உடுப்பிலிருந்து கழன்று விழுந்த ஓர் எண் துணிச்சீட்டு மட்டும். அதில் 'ஏழு' என்று அம்மாவின் கையெழுத்து. உடுப்பு அறைச் சாவியும் அம்மாவின் இடுப்பில்தான்.

இன்று நாலு மணிக்கு அம்மாவை ஜீப்பில் ஏற்றினால், நாளைக்கு அவள் நிரபராதி என்று ஊரே சொன்னாலும் எந்த ஸ்டுடியோவும் அவள் கையில் ஒரு பெட்டிச் சாவியைக்கூடத் தராது. அதற்கு முன்னால், அந்த மூன்று நாள் என்று ஒன்று இருந்தது. அப்பாவுக்கு நடந்த மாதிரி.

விடுப்புக் கேட்க அலுவலகத்துக்குப் போன் செய்தவள், அட்டை கேட்ட கதையையும் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். முதலாளி கொதித்தார். போலீஸைப் பகைத்துக்கொண்டு துப்பறிவது தண்ணீரைப் பகைத்துக்கொண்டு நீந்துவது மாதிரி என்றார். அந்த இன்ஸ்பெக்டரிடம் இன்றைக்கே எழுத்தில் மன்னிப்புக் கேள், இல்லாவிட்டால் நாளைக்கு வராதே என்றார்.

"என்ன சொல்றார் நம்ம துரை?" என்று கேட்டார் அதற்குள் வந்து சேர்ந்திருந்த டூப்பு அண்ணன்.

அவளுக்கு உதவியாள் அவர்தான். வயதில் அவளைப் போல இரண்டு மடங்கு. முப்பது வருஷம் கதாநாயகர்களுக்குப் பதிலாக மாடியிலிருந்து விழுந்தவர். முட்டி தேய்ந்த பிறகு துப்பறிய வந்துவிட்டார். சினிமாவில் உடையாமல் மிச்சமிருந்தது அவருடைய வாய் மட்டும்.

"மன்னிப்புக் கேக்கணுமாம்."

"கேட்டுடலாம். முதல்ல அவர் யாருன்னு தெரியட்டும். ஆள் தெரியாம மன்னிப்புக் கேட்டா வீண்தானே பட்டதாரியம்மா."

வெளியே போகும் வழி படப்பிடிப்புத் தளத்தின் ஓரமாகத்தான். செம்பருந்து அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தான். ரோப் இழுக்கிறவர்களுக்குள் தகராறு. நேற்று வரைக்கும் மூன்று பேர் இழுத்தால் விர்ரென்று போன ஆள், இன்றைக்கு நாலு பேர் இழுத்தும் கோழி மாதிரி எழும்பி எழும்பி விழுகிறான் என்றார்கள். இரண்டு நாளாக வெள்ளரிக்காய் மட்டும் தின்னும் தன்னைப் பார்த்தா இந்தப் பேச்சு என்று மேலே இருந்து செம்பருந்து கண் கலங்கினான். இதற்கு நடுவில் டைரக்டர், பன்னிரண்டு போலீஸ் கேட்டால் ஒன்பதுதான் வந்து விழுகிறது, மீதி மூன்றும் டீ குடிக்கப் போய் ஒரு யுகம் ஆகிறது என்று மைக்கில் புலம்பினார்.

"வெள்ளரிக்காயில இவ்வளவு சத்தா?" என்றார் டூப்பு. "இது தெரிஞ்சிருந்தா நானும் ஆளாகியிருப்பேன்."

வாசலில் நிஜப் போலீஸ், நேற்று மாலையிலிருந்து காவல். வெளியே போகிற ஒவ்வொருவரையும் ஓர் ஏட்டு தடவிப் பார்த்தார். டூப்புவின் டிபன் பாக்ஸைத் திறந்து மூடியை முகர்ந்தும் பார்த்தார். உள்ளே வந்திருக்கிற இன்ஸ்பெக்டர் எந்த ஸ்டேஷன் என்று அவள் கேட்டாள். ஏட்டுக்குத் தெரியவில்லை. ஏதோ ஸ்பெஷல் பிரிவாக இருக்கும் என்றார்.

"நீங்க கேக்கலையா?"

"நல்லா கேட்டே போ. தொப்பியைப் பாத்தா சல்யூட் அடிக்கணும். அவ்வளவுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது."

போலீஸ்காரருக்கே போலீஸ்காரரிடம் கேள்வி கேட்க முடியாத ஊரில் திருடனுக்கு என்ன கஷ்டம் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதைச் சொல்லாமல் நடந்தாள். அவளுக்கு அது அபூர்வம்.

நகைக்கடையில் விற்பனைப் பெண் தனியாக இருந்தாள். கண்ணாடிப் பெட்டிகளுக்கு மேலே தூசி இல்லாத இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். வந்தவர்களின் முகம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டதற்கு, போலீஸ் முகத்தை யார் பார்ப்பார்கள், தொப்பியைத்தானே பார்ப்போம் என்றாள். மீசை இருந்ததா? இருந்திருக்கலாம். உயரம்? பயந்து பார்த்தால் எல்லாரும் உயரம்தான்.

"முகத்தை விடுங்க. அவங்க செஞ்சதுல எது உங்களுக்கு வினோதமா இருந்தது?"

பெண் துணியை மடித்தாள், பிரித்தாள்.

"அவங்க ரெண்டு தடவை உள்ள வந்தாங்க."

"போயிட்டுத் திரும்பி வந்தாங்களா?"

"இல்லக்கா. மூணு பேரும் வந்தாங்க. பெரியவர் பெல்ட்டுல கை வெச்சுக்கிட்டு, 'யாரும் அசையக் கூடாது'ன்னு ஆரம்பிச்சார். பாதியில முதலாளி போன் அடிச்சிடுச்சு. உடனே மூணு பேரும் பேசாம வெளிய போய்ட்டாங்க. முதலாளி போனை அமுக்கினதும் திரும்ப உள்ள வந்து, அதே மாதிரி பெல்ட்டுல கை வெச்சு, அதையே முதல்லேர்ந்து சொன்னார். ஒரு வார்த்தை மாறல. போலீஸ்ல அப்படித்தான் போலிருக்குன்னு நெனச்சேன்."

டூப்பு தரையில் உட்கார்ந்தே விட்டார். சிரிப்பு அடங்க நேரமானது.

"ஒன் மோர்," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஷாட்டுக்கு நடுவுல ஒரு சத்தம் வந்தா அந்த ஷாட் போச்சு. டைரக்டர் 'ஒன் மோர்'னு சொல்லக்கூட வேண்டாம். கால் தானா ஆரம்பிச்ச இடத்துக்குப் போயிடும். பத்து வருஷம் செஞ்சா அது ஒரு வியாதி. என் கல்யாணத்துல போட்டோக்காரர் தும்மிட்டார். நான் வாசல் வரைக்கும் திரும்பிப் போய்ட்டேன். மாமனார் நான் ஓடறேன்னு நெனச்சு மண்டபக் கதவைச் சாத்திட்டார்."

அப்படியானால் உடுப்பை எவனோ திருடிப் போட்டுக்கொண்டு வரவில்லை. அந்த உடுப்புகளுக்கு உரிய துணை நடிகர்களே, அம்மா காலையில் எண்ணிக் கொடுத்ததைப் போட்டுக்கொண்டு, தெருவைத் தாண்டி வந்து, கொள்ளையடித்து, மாலையில் எண்ணித் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

விற்பனைப் பெண் இன்னொன்றும் சொன்னாள். முதலாளி கேட்டதற்காகப் பெரியவர் ஒரு ரசீதில் கையெழுத்துப் போட்டார். நகலை மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டார். சட்டையில் இவ்வளவு பெரிய பை இருக்கும்போது தொப்பியில் எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. பட்டதாரிக்கும் புரியவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அது செருப்புக்குள் நுழைந்த கல் மாதிரி உறுத்தியது.

வாசலில் ஏட்டு மறுபடி டிபன் பாக்ஸைத் திறக்கச் சொன்னபோதுதான் மற்றது எல்லாம் வரிசையாக வந்து நின்றது. நகை உள்ளேதான் இருக்கிறது. வாசலைத் தாண்டி ஒரு குண்டூசிகூடப் போக முடியாது. தடவிப் பார்க்காமல் வெளியே விடப்படுகிற ஆள் ஒருவன்தான். ஆதாரத்தைக் கைப்பற்றிப் போகும் அதிகாரி. அந்த அதிகாரி கேட்ட ஆதாரமோ, நேற்றைக்கு மூன்று பேர் இழுத்து இன்றைக்கு நாலு பேர் இழுக்கிற சட்டை.

"வெள்ளரிக்காய் இல்ல அண்ணே," என்றாள்.

டூப்பு ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு மெதுவாக, "அட பருந்தே," என்றார்.

ஏட்டிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. சந்தேகத்தை நம்பி ஓர் இன்ஸ்பெக்டர் மேல் கை வைத்தால் தன் தொப்பி போய்விடும் என்றார். கை வைக்க வேண்டாம், நாலு மணிக்கு வராந்தாவில் சும்மா நில்லுங்கள் என்றாள். சும்மா நிற்பதற்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை என்பதால் அவர் ஒப்புக்கொண்டார்.

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. அம்மாவின் முகம் கண்ணாடிப் பாத்திரம், உள்ளே என்ன வேகிறது என்று எதிரே இருப்பவருக்குத் தெரிந்துவிடும். ஏற்கெனவே அம்மா ஒரு துணிப்பையில் மாற்றுப்புடவையும் சீப்பும் அப்பாவின் மாத்திரைச் சீட்டும் எடுத்து வைத்திருந்தாள். மூன்று நாளைக்குத் தேவையான அளவு. மேஜையில் செம்பருந்தின் மசில் சட்டை மல்லாந்து கிடந்தது.

நாலு மணி அடிக்கும்போது பூட்ஸ் ஓசை வந்தது. கான்ஸ்டபிள்கள் இடமும் வலமுமாக வந்து நிற்க, இன்ஸ்பெக்டர் பெல்ட்டில் கை வைத்தார்.

"யாரும் அசையக் கூடாது. சட்டப்படி இந்த அறையில் உள்ள..."

டூப்பு பித்தான் டப்பாவைத் தட்டிவிட்டார்.

ஆயிரம் பித்தான்கள் தரையில் மழையாகக் கொட்டின. பட்டதாரி இன்ஸ்பெக்டரின் காலையே பார்த்தாள். இடது கால் அரை அங்குலம் பின்னால் நகர்ந்தது. நின்றது. அவ்வளவுதான். நேற்றைய தவறிலிருந்து அந்த ஆள் பாடம் படித்திருந்தார்.

ஆனால் அவருக்குப் பின்னால் கான்ஸ்டபிள்கள் இருவரையும் காணவில்லை. கடைசிப் பித்தான் உருண்டு ஓய்ந்தது. வராந்தாவில் இரண்டு தொண்டைகள் செருமின. பிறகு அதே இடது காலை முன்வைத்து, அதே விறைப்போடு, இருவரும் உள்ளே நுழைந்து, அதே இடத்தில் வந்து நின்றார்கள். ஒருவன் தலைமுடியைக்கூடச் சரிசெய்துகொண்டிருந்தான்.

இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்த பார்வையில் இருவரும் எரிந்து போயிருக்க வேண்டும்.

"டிரில்," என்றார் சட்டென்று. "எங்க பிரிவுல அப்படித்தான் பழக்கம்."

குரல் பிசிறவில்லை. கெட்டிக்காரர். மசில் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மாவைக் கண்ணால் கூப்பிட்டார். அம்மா துணிப்பையை எடுத்தாள். அறை வாசலில் நின்ற ஏட்டு, தொப்பியைப் பார்த்ததும், பழக்க தோஷத்தில் சல்யூட் அடித்தார். அவ்வளவு வேலையும் ஒரு சல்யூட்டில் கரைந்து போவதை அவள் பார்த்தாள்.

"அடையாள அட்டையைக் காட்டுங்க," என்றாள். இந்தத் தடவை சார் இல்லை.

"காலையிலயே சொல்லிட்டேன்." இரண்டு விரல் மார்புப் பையைத் தட்டின. "இதுக்குள்ள இருக்கு."

அந்தத் தட்டல் சத்தத்துக்கு அம்மா நிமிர்ந்தாள். பூட்ஸிலிருந்து பெல்ட், பெல்ட்டிலிருந்து பை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு போலீஸ்காரரின் சட்டையை, ஒரு தையல்காரி பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"அதுக்குள்ள எதுவும் இருக்காதுங்க," என்றாள் மெதுவாக.

"என்ன?"

"போன மாசம்தான் அந்தப் பை வாயை நான் தைச்சேன். உங்க ஆளுங்க பிஸ்கட்டும் போனும் திணிச்சு நெஞ்சு புடைச்சுத் தெரியுதுன்னு டைரக்டர் சத்தம் போட்டார். ரெட்டைத் தையல். ஊசி முனைகூட உள்ள போகாது."

தொப்பிக்குள் போன ரசீது. காதுக்குப் போன பேனா. பட்டதாரிக்குத் தன் தலையில் தானே குட்டிக்கொள்ளத் தோன்றியது. அம்மா பை வாய் தைப்பதை மாதக்கணக்கில் கண்ணெதிரே பார்த்திருக்கிறாள். பார்த்துப் பார்த்தே பார்க்காமல் போயிருக்கிறாள்.

ஏட்டு ஓரடி முன்னால் வந்தார். "கொஞ்சம் எடுத்துக் காட்டிடுங்களேன் சார்," என்றார், இன்னும் மரியாதை விடாமல்.

சார் ஓடினார். ஓடியவர் வாசலைத் தாண்டவில்லை. குறுக்கே டூப்பு மரம் சாய்வது மாதிரி விழுந்தார். அவர் மேல் சார், சார் மேல் மசில் சட்டை, அதன் மேல் ஏட்டு. கான்ஸ்டபிள்கள் இருவரும் தங்கள் இடத்தைவிட்டு அசையவே இல்லை. யாராவது கட் சொல்வார்கள் என்று காத்திருந்த மாதிரி இருந்தது.

"முப்பது வருஷத்துல," என்றது அடியிலிருந்து டூப்புவின் குரல், "யாரும் சொல்லாம நானா விழுந்தது இதுதான் முதல் தடவை."

அம்மாவின் கத்தரிக்கோல் செம்பருந்தின் இடது மார்பைப் பிளந்தது. ஸ்பாஞ்சுக்கு நடுவில், டீக்கடைக் காகிதத்தில் சுற்றிய வைர நகைகள். அம்மா முதலில் கவனித்தது வைரத்தை அல்ல, அதை மூடியிருந்த தையலை. "என்ன கேவலமான தையல்," என்றாள்.

மூவரையும் வேனில் ஏற்றிவிட்டு ஏட்டு திரும்பி வந்தார். வேறு மனிதராக வந்தார். நெஞ்சு கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. அம்மாவும் ஸ்டேஷன் வரைக்கும் வந்து ஒரு வாக்குமூலம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், அரை மணி நேர வேலை என்றார். அம்மா தலையாட்டிவிட்டுச் செருப்பை மாட்டினாள். துணிப்பையைக் கையில் எடுத்தவள், அதைத் திரும்ப மேஜையில் வைத்தாள்.

"ஐயா, தப்பா நெனக்காதீங்க. உங்க அட்டையைக் கொஞ்சம் காட்டுங்க."

ஏட்டின் கை மார்புப் பைக்குப் போனது. சுலபமாக உள்ளே நுழைந்தது. அம்மா அட்டையிலிருந்த படத்தைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். அவசரமே இல்லை. அந்த நேரத்துக்குள் அப்பாவின் மூன்று நாளும் அந்த அறைக்குள் வந்து நின்றுவிட்டுப் போனது மாதிரி இருந்தது.

"சரி, போலாம்," என்றாள்.

அலுவலகத்திலிருந்து போன். முதலாளி. செய்தி அதற்குள் எட்டிவிட்டது. குரலில் தேன். அவளை அனுப்பியதே தான்தான் என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிட்டாராம். அறிக்கையைத் தன் பெயரில் டைப் செய்துகொண்டு உடனே வரச் சொன்னார். அப்புறம், போலீஸிடம் அட்டை கேட்ட கதையை மட்டும் அதில் எழுத வேண்டாமாம், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்.

அவள் போனை அணைத்தாள். கழுத்திலிருந்த அலுவலக அட்டையைக் கயிறோடு கழற்றி, இஸ்திரி மேஜையில் வைத்து, அது பறந்துவிடாமல் இஸ்திரிப் பெட்டியை அதன் மேல் வைத்தாள். அந்த அட்டையை இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. காலையில் அம்மா மன்னிப்புக் கேட்டபோது உள்ளே அறுந்தது எது என்று இப்போது தெரிந்தது. இந்தக் கயிறுதான்.

வராந்தாவில் அம்மாவின் செருப்பு ஓசை முன்னால் போய்க்கொண்டிருந்தது. பித்தான்களை மிதிக்காமல் தாண்டி அவள் வாசலுக்கு வந்தாள்.

"பட்டதாரியம்மா," என்றார் டூப்பு, முட்டியைத் தேய்த்துக்கொண்டே. "துரை ரொம்பக் கெஞ்சினார்னா ஒன் மோர் உண்டா?"

"கிடையாது அண்ணே," என்று சொல்லிவிட்டு அவள் வெளியே நடந்தாள்.